நடுவில் நின்ற கோடு

அத்தியாயம் ஒன்பது

"போட மாட்டேன். இன்னும் நூறு தடவை கேட்டாலும் கையெழுத்துப் போட மாட்டேன்."

கைப்பேசியை அணைத்துப் பைக்குள் எறிந்தாள் டெக்னீஷியன். எறிந்த வேகத்தில் பையே துள்ளியது.

ஆய்வுக்கூடத்திற்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தின் இரும்பு இருக்கையில் மூவர் அமர்ந்திருந்தனர். நடுவில் அவள், பதினான்கு ஆண்டுகள் அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கிருமி வளர்த்தவள், கடந்த செவ்வாய் முதல் அதன் வாசலை மிதிக்கலாகாது என்று தடுக்கப்பட்டவள். வலப்புறம் அண்ணி, முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் பிழைதிருத்திவிட்டு, தாளிலுள்ள பிழை போதாதென்று மனிதரிடத்தில் பிழை தேடப் புறப்பட்ட துப்பறிவாளர். இடப்புறம் அவருடைய கொழுந்தன். ரயில் நிலைய அறிவிப்பாளராக இருந்தவர், ஆகையால் எல்லோருக்கும் 'மைக்'. வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் வாய் இன்னும் பெறவில்லை.

"யாரு, உதவி இயக்குநரா?" என்றார் மைக்.

"அவரேதான் அண்ணா. நாலு மணிக்கு விசாரணை. 'என் கவனக்குறைவால் ஆய்வு பாழானது'ன்னு கையெழுத்துப் போட்டா மரியாதையா அனுப்பிடுவாங்களாம். போடலேன்னா வேலையை விட்டுத் தூக்கி, எல்லா ஆய்வகத்துக்கும் கடிதம் அனுப்புவாங்களாம். அதுக்கப்புறம் எனக்குக் குடுவை கழுவுற வேலை கூடக் கிடைக்காது."

"மரியாதையா அனுப்புறதாவது! மாடியிலேர்ந்து தள்ளிவிட்டுட்டு 'பார்த்துப் போங்க'ன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"தம்பி, கொஞ்சம் வாயை மூடுங்க," என்றார் அண்ணி. அவர் மடியில் கதவு இயந்திரம் பதிந்து தந்த நேரப் பட்டியல் விரிந்திருந்தது. "செவ்வாய்க்கிழமை நடந்ததை இன்னொரு தடவை சொல்லும்மா. என் கொழுந்தனுக்குப் புரியற மாதிரி. அவருக்குப் புரிஞ்சா விசாரணைக் குழுவுக்கும் புரிஞ்சிடும்."

"அண்ணி, இது பாராட்டா?"

"இல்லை."

டெக்னீஷியன் சொன்னாள். நைட்ரஜனில் எடை மிகுந்த ஒரு வகை உண்டு. அதை மட்டுமே மூன்று வாரம் ஊட்டி ஒரு குடுவைக் கிருமியை வளர்த்திருந்தாள். அக்கிருமிகளின் டி.என்.ஏ முழுவதும் கனமாகிவிடும். செவ்வாயன்று மூன்றரை மணிக்கு, இயக்குநர் அம்மையாரின் முன்னிலையில், அதில் சாதாரண ஊட்டநீரை ஊற்றி, கிருமி எவ்வளவு விரைவாகத் தன்னைப் படியெடுக்கிறது என்று அளப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னரே யாரோ ஊற்றிவிட்டார்கள். மூன்று மணிக்கு உதவி இயக்குநர் குடுவையோடு வெளியே ஓடிவந்து கூச்சலிட்டார்.

"ஒன்னு பத்துக்கு நான் அறையை விட்டுக் கிளம்பினேன். அம்மாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். 'அவசரத்துல தப்பான தீனியை ஊத்திட்டு ஓடிட்டா'ன்னு அங்கேயே தீர்ப்புச் சொல்லிட்டாங்க."

"ஆனா அவரும் ரெண்டு முப்பத்தெட்டுக்கு உள்ள போயிருக்காரே! பட்டியல் சொல்லுதே!"

"அவர் பார்க்கப் போனாராம். நான் பாழாக்கப் போனேனாம். கதவுக்கு என்னண்ணா தெரியும், ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான் எழுதும்."

அண்ணி பட்டியலை மடித்தார். "ஊத்தினது ஒன்னு பத்துக்கா, ரெண்டு நாற்பதுக்கா? அது தெரிஞ்சா போதும்."

"அதுக்குச் சாட்சி வேணுமே அண்ணி. அறையில வேற யாரும் இல்லை."

"பல கோடிப் பேர் இருந்தாங்க தம்பி. குடுவைக்குள்ள. நீ சொல்லும்மா, அதுங்க எப்படித் தன்னைப் படியெடுக்கும்?"

கேள்வியைக் கேட்டதும் அவள் முகத்திலிருந்த சினம் ஒரு கணம் விலகியது. தொழில் தெரிந்தவரிடம் தொழிலைக் கேட்டால் வரும் தெளிவு அது.

"டி.என்.ஏ-ங்கறது ரெண்டு இழை அக்கா. ஒன்னுக்கு எதிரே ஒன்னு, தலைகீழா நிக்கும். மொத்தமே நாலு எழுத்துதான். ஏ-வுக்கு எதிரே டி மட்டும் உட்காரும், ஜி-க்கு எதிரே சி மட்டும். ஏ-டி நடுவுல ரெண்டு பிணைப்பு, ஜி-சி நடுவுல மூணு."

"பிணைப்புன்னு சொல்லாதே, தளைன்னு சொல்லு. செய்யுள்ல சீரும் சீரும் சேருற இடத்துக்கு அதுதான் பேரு. எனக்கு மறக்காது."

"சரி, தளை. படியெடுக்கும்போது ஒரு நொதி நடுவுல புகுந்து தளையை அவிழ்த்துக்கிட்டே போகும். அவிழ்ந்த இழை ரெண்டுலயும் எழுதுற நொதி வந்து உட்காரும், பாலிமரேஸ்னு பேரு. பழைய இழையில இருக்கிற எழுத்தைப் பார்த்துப் பார்த்து எதிர் எழுத்தைக் கோக்கும். ஆனா அதுக்கு ரெண்டு வீம்பு. வெறும் தாள்ல ஆரம்பிக்காது. இன்னொரு நொதி முதல்ல கொஞ்சம் எழுத்துப் போட்டுத் தரணும்."

"பிள்ளையார் சுழி!" என்றார் மைக்.

"அதேதான் அண்ணா. எழுதி முடிச்சதும் அந்தச் சுழியை எடுத்துட்டு, அந்த இடத்துல சரியான எழுத்தை நிரப்பிடுவாங்க. ரெண்டாவது வீம்பு, ஒரே திசையிலதான் எழுதும்."

மைக் நெற்றியைச் சுருக்கினார். தண்டவாளங்களோடு வாழ்ந்தவர் அல்லவா? "இரும்மா. ரெண்டு இழையும் தலைகீழா நிக்குது. அப்போ ஒன்னுல வண்டி முன்னாடி நேரா போகும். இன்னொன்னுல பின்னாடி இல்ல போகணும்?"

"அண்ணா! காலேஜ்ல எனக்கு இது புரிய ஒரு வாரம் ஆச்சு! ஆமா, ஒரு இழையில நிக்காம ஓடும். இன்னொன்னுல, கொஞ்சம் அவிழ்ந்ததும் பின்பக்கமா ஒரு துண்டு எழுதும். இன்னும் கொஞ்சம் அவிழ்ந்ததும் மறுபடி முன்னாடி வந்து இன்னொரு துண்டு. கடைசியில வேறொரு நொதி துண்டுகளை ஒட்டிடும்."

ஒரு பாட்டின் இறுதியை அடுத்த பாட்டின் முதலோடு தொடுத்துச் செல்லும் அந்தாதி அண்ணியின் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உதடுகள் மெல்ல அசைந்தன. "தளை தட்டினா? தப்பான எழுத்து உட்கார்ந்துட்டா?"

"அதே பாலிமரேஸ் ஒரு அடி பின்வாங்கி, தப்பை வெட்டிட்டு, மறுபடி எழுதும்."

"எழுதுறவரே பிழையும் திருத்துறாரா? எங்க அச்சகத்துல அப்படி ஒருத்தர் இருந்திருந்தா என்னை உள்ளேயே விட்டிருக்க மாட்டாங்க." அண்ணி சட்டென்று நிமிர்ந்தார். "எல்லாம் முடிஞ்சதும் கையில என்ன இருக்கும்?"

"ரெண்டு டி.என்.ஏ. ஒவ்வொன்னுலயும் ஒரு இழை பழசு, ஒரு இழை புதுசு."

"பழசு கனம். புதுசு லேசு." அண்ணி எழுந்துவிட்டார். "தம்பி, கிளம்புங்க. உங்க கூடத்துல டி.என்.ஏ-வை எடை போடுறது யாரும்மா?"

"அடித்தளத்துல ஒருத்தர் இருக்கார். பம்பரம்னு கூப்பிடுவாங்க."

*

பம்பரம் என்பது அம்மனிதருக்கும் அவர் இயந்திரத்திற்கும் பொதுப் பெயர். இயந்திரம் நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும். அவரோ இருபது ஆண்டுகளாக அதன் அருகிலிருந்து நகர்ந்ததில்லை. சன்னலில்லாத அறை, சுவரில் குழாய்கள், மேசைமேல் வரிசை பிசகாமல் அடுக்கிய நிழற்படங்கள்.

"செவ்வாய்க்கிழமைக் குடுவையா? போட்டேனே," என்றார்.

"யார் போடச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. பட்டியல்ல இருந்தது, போட்டேன். வேண்டாம்னு எவனும் வந்து சொல்லலையே." இரண்டு படங்களை எடுத்து வைத்தார். "எப்பவும் ரெண்டு குழாய் போடுவேன். ஒன்னு அப்படியே, இன்னொன்னு சூடு காட்டி."

முதற்படத்தில் ஒரு நீண்ட குழாய். கனமானது கீழே நிற்கும், லேசானது மேலே நிற்கும் என்று பம்பரம் விரலால் காட்டினார். கீழே ஒன்றுமில்லை. மேலேயும் ஒன்றுமில்லை. சரியாக நடுவில், மயிரிழை போல், ஒரே ஒரு கோடு.

"கனமும் லேசும் கலந்துபோய் நடுவுல நிக்குது," என்றார் மைக், தெரிந்தவர் போல.

"கலந்தா ரெண்டு கோடா நிக்கும் சார். இது சாம்பார் இல்லை, தானா ஒன்னாகிறதுக்கு. அடுத்த படத்தைப் பாருங்க. சூடு காட்டினா தளை விட்டு இழை ரெண்டும் தனித்தனியா வந்துடும்."

இரண்டாம் படத்தில் நடுக்கோடு மறைந்து, கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரு கோடுகள் நின்றன. இணைபிரிந்த இரு இழைகள். ஒன்று முழுக் கனம், மற்றொன்று முழு லேசு. இடையில் எதுவுமில்லை.

அண்ணி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஒரு இழை பழசு, ஒரு இழை புதுசு. அந்தப் பொண்ணு சொன்னது அட்சரம் பிசகலை. இன்னொரு தடவை படியெடுத்திருந்தா எப்படி இருக்கும்?"

"பாதி நடுவுல, பாதி மேல. ரெண்டு கோடு."

"அஞ்சு தடவை எடுத்திருந்தா?"

"முப்பத்திரண்டுல ரெண்டுதான் நடுவுல. மீதி முப்பதும் மேல போயிருக்கும்."

"மேல ஒன்னுமே இல்லை. அப்போ ஒரே ஒரு தடவைதான் எடுத்திருக்கு." அண்ணி படத்தைத் தட்டினார். "நல்லா வளர்ற கிருமி ஒரு தடவை படியெடுக்க எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

மைக்கின் கண்கள் அகன்றன. இது அவர் கணக்கு, கால அட்டவணை. "அண்ணி! ஒன்னு பத்துக்கு வண்டி கிளம்பியிருந்தா மூணு மணிக்கு அஞ்சு ஸ்டேஷன் தாண்டியிருக்கணும். இது முதல் ஸ்டேஷன்லயே நிக்குது. அப்படின்னா கிளம்பினதே ரெண்டு நாற்பதுக்கு! உள்ள இருந்தது யாரு? அந்த உதவி... உபத்திரவ இயக்குநர்!"

அவர் துள்ளினார். அண்ணி துள்ளவில்லை. "அந்தக் குடுவை இப்போ எங்க இருக்கு?" என்று பம்பரத்தைக் கேட்டார்.

"குளிர் அறையில, ஐஸ்ல. அவர்தான் வெளிய வந்ததும் ஐஸ்ல வச்சார். சாகலை, தூங்குது."

அண்ணி குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். பம்பரம் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பன்னிரண்டு. நாலுக்குள்ள தயாரா இருக்கும்."

"என்ன சொன்னீங்க அண்ணி?"

"காதுல சொன்னதை மைக்ல சொல்லுவாங்களா?"

*

விசாரணை அறையில் நீள மேசை. அதன் தலைப்பக்கத்தில் இயக்குநர் அம்மையார், பக்கத்தில் கைமடிப்புக் கலையாத சட்டையோடு உதவி இயக்குநர். மேசைமேல் தட்டச்சு செய்த ஒரு தாள், அதன்மேல் மூடி கழற்றிய பேனா.

"உட்காருங்க," என்றார் அம்மையார்.

"வேண்டாம் மேடம். பதினாலு வருஷம் நின்னுதான் வேலை செஞ்சேன். நின்னே பேசறேன்," என்றாள் டெக்னீஷியன்.

அண்ணி படங்களை வைத்தார். மைக் எடுத்துரைத்தார், ஐந்து ஸ்டேஷன் கதையை, நடைமேடை எண்ணைத் தவிர யாவும் சேர்த்து. அம்மையாரின் புருவம் உயர்ந்தது. உதவி இயக்குநரின் புருவமோ அசையவே இல்லை. அவர் சிரித்தார்.

"அருமை. ஒரே தடவைதான் படியெடுத்திருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இது சாதாரணக் கிருமி இல்லை. என் கட்டுரையைப் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். இது நிதானக் கிருமி. ஒரு தடவை படியெடுக்க நூறு நிமிஷம் ஆகும். ஒன்னு பத்துக்கு ஊத்தினா, மூணு மணிக்கு எத்தனை தடவை? ஒரே தடவை." அவர் டெக்னீஷியன் பக்கம் திரும்பினார். "நீங்களே உங்க குற்றத்துக்கு ஆதாரம் கொண்டுவந்திருக்கீங்க. ரொம்ப நன்றி."

எடுத்து வந்த வாளே தம்மவர் கழுத்துக்குத் திரும்பிவிட்டதே! ஏழு மணி நேரம் தாமதமான வண்டிக்குக்கூட ஒரு சமாதானம் சொல்லிச் சமாளித்த மைக், இப்போது மேசையிலிருந்த படங்களை மறுபடி எடுத்துப் புரட்டினார்.

டெக்னீஷியன் மட்டும் அசையவில்லை. "நூறு நிமிஷம்ங்கறது பொய்," என்றாள். "அதைத்தான் போன மாசமே உங்ககிட்ட சொன்னேன். அது பொய்னு காட்டத்தான் செவ்வாய்க்கிழமை அந்த ஆய்வே வச்சோம்."

"அச்சான கட்டுரைம்மா அது! எட்டுப் பேர் படிச்சுப் பார்த்து அச்சானது!"

"அச்சானதெல்லாம் சரின்னா, முப்பது வருஷம் நான் எதுக்கு இந்தக் கண்ணைக் கெடுத்துக்கிட்டேன்?" என்றார் அண்ணி. "நூறு நிமிஷம். எழுதிக்கலாமா?"

"தாராளமா எழுதுங்க."

அண்ணி எழுதிக்கொண்டார். பிறகு இயக்குநர் அம்மையாரைப் பார்த்து டெக்னீஷியனுக்குக் கண்ணால் வழிவிட்டார்.

"இருபது நிமிஷம் குடுங்க மேடம்," என்றாள் அவள். "பதினாலு வருஷத்துக்குப் பதிலா இருபது நிமிஷம். தர மாட்டேன்னு சொன்னா, அதையும் இந்தத் தாள்லயே எழுதுங்க."

*

வெப்ப அறையில் குடுவை ஆடிக்கொண்டிருந்தது. செவ்வாயன்று உறங்கிய அதே கிருமி. நண்பகலில் பம்பரம் அதிலொரு துளியை வெதுவெதுப்பான ஊட்டநீரில் எழுப்பிவிட்டிருந்தார். கிருமி பெருகப் பெருக நீர் கலங்கும். கலங்கலை அளக்கும் கருவியில் முதல் எண் விழுந்தது: இருபத்தொன்று. அம்மையார் தம் கையாலேயே குறித்துக்கொண்டார்.

காத்திருந்தார்கள். சிறிய அறை, பம்பரத்தோடு சேர்த்து ஆறு பேர், ஆடும் தட்டின் ஓசை. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி எழுத்தர்கள் அக்குடுவைக்குள் பழைய ஏட்டைப் பிரித்துப் புதிய ஏட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தனர். யாருக்காகவும் விரையாமல், யார் அதட்டலுக்கும் நில்லாமல்.

ஐந்தாம் நிமிடம் உதவி இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டாம் நிமிடம் கைமடிப்பை அவிழ்த்தார்.

"இந்த மீட்டர் பழசு," என்றார்.

"போன வாரம் நீங்க இதுலதான் அளந்தீங்க," என்றாள் டெக்னீஷியன்.

பன்னிரண்டாம் நிமிடம் அவர் வெடித்தார். "மேடம், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க! நான் கெடுத்திருந்தா நானே எதுக்கு அதை ஐஸ்ல வைக்கப் போறேன்? வெளியிலேயே விட்டிருந்தா அஞ்சு மணிக்குள்ள எல்லாம் மேல போயிருக்கும். எப்போ ஊத்தினதுன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது!"

நியாயமான கேள்விதான் என்று மைக்குக்கே தோன்றியது. அண்ணி மட்டும் தாம் எழுதிய தாளைப் பிழைதிருத்தும் பாவனையில் மெல்ல உயர்த்தினார்.

"மூணுலேர்ந்து அஞ்சு மணிக்கு நூத்திருபது நிமிஷம். உங்க கிருமிக்கு நூறு நிமிஷம். இன்னும் ஒரே ஒரு தடவைதானே எடுத்திருக்கும்? பாதி நடுவுல நின்னிருக்கணுமே. எல்லாம் எப்படிங்க மேல போகும்?"

உதவி இயக்குநர் அவிழ்த்த கைமடிப்பை மறுபடி மடிக்கத் தொடங்கினார்.

"உங்களுக்கு இருபது நிமிஷம்னு முன்னாடியே தெரியும்," என்றார் அண்ணி. "இங்க வாய் மட்டும்தான் நூறுன்னு சொல்லிச்சு."

இருபதாம் நிமிடம். டெக்னீஷியன் கருவியைத் தொடவில்லை. அம்மையாரே பொத்தானை அழுத்தினார். நாற்பத்திரண்டு. சொல்லி வைத்தாற்போல் இரட்டிப்பு.

"அப்புறம் ஏன் ஐஸ்ல வச்சார்?" என்று தணிந்த குரலில் கேட்டார் அம்மையார்.

"அது ஆய்வகத்துல வேலை செய்யற நமக்கு மட்டும்தான் தெரியும் மேடம்," என்றாள் டெக்னீஷியன். "வெப்ப அறையிலேர்ந்து குடுவையை எடுத்தா கை தானா ஐஸைத் தேடும். நீங்களா இருந்தாலும் அப்படித்தான், நானா இருந்தாலும் அப்படித்தான். இருபது வருஷக் கைப்பழக்கம். கெடுக்கணும்னு நினைச்சார், ஆனா நல்லா வேலை கத்துக்கிட்ட கை கேட்கலை. அது பாட்டுக்குக் கடிகாரத்தை நிறுத்திடுச்சு."

அம்மையார் உதவி இயக்குநரிடம் கையை நீட்டினார். "உங்க கதவு அட்டையைக் குடுங்க." அட்டை கைமாறியது. அவர் வெளியேறிய ஓசைகூட ஆடும் தட்டின் ஓசையில் கரைந்துவிட்டது.

"மேடம், வழி விடுங்க, குழாயைக் குளிர்ல வைக்கணும்," என்று முணுமுணுத்தபடி பம்பரம் கூடையோடு நகர்ந்தார்.

அம்மையார் தொண்டையைச் செருமினார். "திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்கம்மா. நடந்தது நடந்துபோச்சு. வெளிய தெரிஞ்சா கூடத்துக்குத்தான் கெட்ட பேரு. இது நமக்குள்ளேயே..."

"செவ்வாய்க்கிழமை நமக்குள்ளேயே இருக்கலையே மேடம். மூணு மாடிக்கும் கேட்டுச்சு."

மைக்குக்குச் சொல்வதற்கு ஒரு நல்ல வேடிக்கை நாக்கின் நுனிவரை வந்தது. வாழ்வில் முதன்முறையாக அதை விழுங்கினார்.

"இப்போ என்ன செய்யணும்கறீங்க?"

டெக்னீஷியன் சுவரோரம் கிடந்த ஆய்வுப் பதிவேட்டை எடுத்து, புதிய பக்கத்தைத் திறந்து, அம்மையாரின் முன் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"நான் சொல்றேன், நீங்க எழுதுங்க மேடம். இந்தக் கிருமி இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தன்னைப் படியெடுக்கும்."

பேனா ஓடியது.

"முன்னால வந்த கட்டுரை தப்பு."

பேனா நின்றது. அறையிலிருந்த யாரும் அதற்கு உதவிக்கு வரவில்லை. சற்றுப் பொறுத்து, அது மீண்டும் ஓடியது.

"கண்டுபிடிச்சது நான்."